பல் பிடித்துப் பார்த்தல்

தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது தானமில்லை.
இருபத்தெட்டாயிரம் ரூபாய்,
அதில் ஒன்பது இன்னும் சொசைட்டி கடன்.
ஆகவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து
செயின் கவரைக் கழற்றுகிறேன்.

பின்சக்கரத்துப் பற்கள் நாற்பத்தாறும்
ஒரே பக்கம் சாய்ந்து
கருக்கரிவாளாகிக் கிடக்கின்றன.
மாடாக இருந்தால்
கடை சேர்ந்து எத்தனை ஈற்றோ என்று
விலையைப் பாதியாக உடைத்திருப்பேன்.

மீட்டர் நின்று மூன்று வருஷம்.
எண்பத்துநாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு,
கோரையாற்றுக் கரை உடைப்பில் கேபிள் அறுந்த அன்று.
பிறகு ஓடியதையெல்லாம்
சினை ஊசி நோட்டிலிருந்துதான் எடுக்கிறேன்:
எடமேலையூர் ஜெர்சி, போக வர முப்பத்தொன்று.
தங்கவில்லை. மறுபடி முப்பத்தொன்று.
வடுவூர் சிந்து கலப்பு, இருட்டில் வழி தப்பியதோடு நாற்பது.
கூட்டிப் பார்த்தால்
ஒரு லட்சத்து ஆறாயிரம் கிலோமீட்டரும்
கொஞ்சம் கன்றுக்குட்டிகளும்.

கூத்தாநல்லூர் ஜபருல்லா சொன்னான்,
"இதைத் தள்ளிவிட்டு ஒரு ஸ்கூட்டி வாங்குங்கக்கா."
நடவு முடிந்த வரப்பில்
பின்னால் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு
ஸ்கூட்டி ஏறுமா என்றேன்.
அவன் பெட்ரோலில் கை கழுவப் போய்விட்டான்.

"பின்பல் ஐம்பது போடு."
"ஐம்பதா? ரோட்டுல அறுபதைத் தாண்டாது."
எனக்கு ரோடு எங்கே இருக்கிறது?
செயினுக்கு இரண்டு கண்ணி கூட வாங்கினேன்.

பின் ஷாக் வேறொரு வண்டியுடையது.
புஷ்ஷைக் கடைந்து பொருத்த ஐந்நூறு.
கேனுக்குள் பூஜ்யத்துக்குக் கீழே
நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில்
நாற்பது காளைகள் நின்றுகொண்டு வருகின்றன.
பள்ளத்தில் விழுந்தால்
அவற்றுக்கல்லவா வலிக்கும்.

கார்புரேட்டர் மூச்சுக்குழாயை
சீட்டுக்கடியில் உயர ஏற்றியாயிற்று,
சொட்டுநீர் ட்யூப், ஆறு ரூபாய்.
இனி முழங்கால் தண்ணீரில் விக்காது.
ஃபில்டரைத் தட்டினால்
அறுவடை மிஷின் ஊதிய சுனை
ஒரு படி தேறும்.
ஆயிலை விரலில் தேய்த்தேன்.
நல்ல வண்டல்.
வயலில் என்றால் கும்பிட்டிருப்பேன்.

விடிகாலை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் டேப்பெட்.
முறத்தில் கொள்ளு புடைக்கிற சத்தம்
ஒரு மாதமாக.
தகட்டைச் செருகி இழுக்கிறேன்.
வர வேண்டும்; சும்மா வந்துவிடக் கூடாது.
தோள்வரை உறை மாட்டி
கருப்பை வாயைக் கையால் தேடுகிறவளுக்கு
இது ஒன்றும் கஷ்டமில்லை.
இரண்டுமே பார்க்க முடியாத இடம்.

பாதி பிரித்துக் கிடக்கையில் போன்,
பாமணியாற்றங்கரையிலிருந்து தில்லைவனம்:
"விடியலிலிருந்து கத்துதும்மா."
காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி.
பத்து மணி நேரம் இருக்கிறது.

எல்லாவற்றையும் மாட்டிய பின்
சாக்கில் ஒரு வாஷர் மிச்சம்.
எங்கேயோ ஒரு போல்ட்
இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிதித்தேன்.
மூன்றாவது உதையில் இருமியது.
நாலாவதில் பேசியது.

ஆற்றங்கரையில் மழைச் சேறு,
டிராக்டர் கிழித்த தடம்.
இரண்டாவது கியரிலேயே
புதுப் பற்கள் மண்ணைக் கடித்து இழுத்தன.
நாணல் ஒதுங்கியது.
ஒரு கொக்கு மட்டும் ஒதுங்கவில்லை,
நான்தான் சுற்றிப் போனேன்.

இரண்டு பல் கிடேரி, முதல் ஊசி.
தில்லைவனம் கயிற்றைப் பிடித்தபடி,
"பிடிச்சிடுமாம்மா?"
"இருபத்தோராம் நாள் கத்தாமல் இருந்தால் பிடித்தது."

வண்டிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

கேன் மூடி மேல் நோட்டை வைத்து எழுதினேன்:
கிடேரி, கறுப்பு, நெற்றியில் வெள்ளை.
அதற்குக் கீழே, அதே பேனாவில்:
பின்பல் ஐம்பது. ஆயில் ஒன்று.
வாஷர் ஒன்று, இடம் தெரியவில்லை.